துண்டறிக்கையில் நான் போடச் சொன்ன வரி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை உன் கட்சிக் கவுன்சிலர்களே கூடி, உன்னைக் கவுன்சில் தலைவர் பதவியிலிருந்து இறக்க ஓட்டெடுப்பு வைக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் நானே ராஜினாமா செய்துவிடட்டுமா என்று கேட்டாய். "பண்ணிடு பாப்பா. அவங்க தள்றதுக்கு முன்ன நீயே எழுந்துக்கினா மரியாதை" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவளுக்கும் திருப்பதிக்கு வழி சொல்லிட்டீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு மறுபடி கீரையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாளாக உட்கார விடவில்லை. திருப்பதி விஷயம் உனக்குத் தெரியாது. உன்னிடம் மறைத்தோம். அதைச் சொல்லாமல் நான் உனக்கு எந்த யோசனையும் சொல்லியிருக்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். அச்சில் வரவும் கொடுக்கப் போகிறேன். அதனால் படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ கல்யாணமாகி மாப்பிள்ளையோடு இங்கிலாந்து போனாய். அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை, உனக்கு மருந்துக்கடையில். நாட்டின் வடக்கே, நூல் மில்லெல்லாம் எப்போதோ மூடிப்போன ஒரு ஊர். மாத்திரை வாங்க வருகிற வயசானவர்களிடம் பேசிப் பேசி அவர்கள் கஷ்டமெல்லாம் உன் தலையில் ஏறிக்கொண்டது. கட்சியில் சேர்ந்தாய், கவுன்சிலர் ஆனாய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைவரும் ஆனாய். நம் நகராட்சித் தலைவர் மாதிரி என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அப்படி இல்லை. அங்கே தலைவரை உட்கார வைப்பதும் எழுப்பிவிடுவதும் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்கள்தான். எதிர்க்கட்சிக்காரன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் கை எங்கே போகிறது என்று பார்க்கலாம். இவர்கள் உனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேலே, நாடாளுமன்றத்திலும் இதே கதைதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ போன பிறகு அந்த நாட்டில் வந்துபோன பிரதமர்களை எண்ண ஒரு கை விரல் போதவில்லை. ஒருவர் உளுந்து விதைத்து அறுக்கிற நாள்கூட நாற்காலியில் இருக்கவில்லை. பாதிப் பேரை ஜனங்கள் இறக்கவில்லை, கூட இருந்தவர்களே இறக்கினார்கள். என் கடையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களா நம்மை அத்தனை வருஷம் ஆண்டவர்கள் என்று நான் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் செய்தி வந்தால் டி.வி.யை அணைத்துவிடுகிறேன். வருகிறவன் எல்லாம் நல்லவனா கெட்டவனா என்ற கணக்கே அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. செய்ய முடியாததைச் சொன்னால்தான் உட்கார விடுகிறார்கள், உட்கார்ந்த பிறகு ஏன் செய்யவில்லை என்று எழுப்பிவிடுகிறார்கள். அடுத்தவனும் அதையே சொல்லிக்கொண்டுதான் வருகிறான்.

நீ தலைவரான அந்தத் தேர்தல் சமயத்தில் நாங்கள் இரண்டு மாதம் உன்னோடு வந்து இருந்தோம். உன் அம்மா குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே சுருண்டுகொண்டாள். நான் துண்டறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே அலைந்தேன். எனக்கும் நாலு ஊர் சுற்றிச் சரக்குப் பிடித்த கால்தானே. கதவில் தபால் போடுகிற இடுக்கில் கையை விட்டால் உள்ளே இருக்கிற நாய் விரலைக் கவ்விவிடும் என்று, மரத்தால் செய்த தோசைத் திருப்பி ஒன்றை வைத்து நீ காகிதத்தை உள்ளே தள்ளினாய். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டில் பனியனோடு ஒருவன் கதவைத் திறந்தான். உன்னை மேலும் கீழும் பார்த்து, உன் ஊருக்கே போய்ச் சேர் என்கிற மாதிரி ஏதோ சொன்னான். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, ஆனால் அவன் முகம் முழுசாகப் புரிந்தது. நீ குப்பை வண்டி ஒழுங்காக வருகிறதா என்று அவனைக் கேட்டாய். அவன் உன்னைத் திட்டுவதை விட்டுவிட்டுக் குப்பை வண்டியைத் திட்டத் தொடங்கினான். பத்து நிமிஷம் திட்டினான், நீ எழுதிக்கொண்டாய். தெருமுனைக்கு வந்ததும், "இவன் ஓட்டுப் போடுவானா?" என்று கேட்டேன். "போட மாட்டான்ப்பா. ஆனா குப்பை போவணும் இல்ல" என்றாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் வந்த பெருமையை இதுவரைக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் நிலைமையின் நெருக்கடியும் எனக்கு அங்கேதான் புரிந்தது. அடைக்கலம் கேட்டு வந்தவர்களை உன் ஊரில் ஒரு ஓட்டலில் தங்கவைத்திருந்தார்கள். தங்கவைத்தது லண்டன் அரசாங்கம், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஓட்டல் வாசலில் கொடி பிடித்துக் கத்தியவர்கள் உன்னைத்தான் திட்டினார்கள். நீ அவர்களிடம் போய்ப் பேசினால் கட்சியில் பாதிப் பேருக்குக் கோபம், போகாவிட்டால் மீதிப் பாதிக்குக் கோபம். வாய் திறந்து ஒரு வார்த்தை நியாயம் சொன்னால், இவள் அவர்கள் நிறம்தானே என்று பேஸ்புக்கில் எழுதினார்கள். போலீஸ்காரர் வந்து உன் வாசல் கதவுக்கு இன்னொரு பூட்டு போடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்டில் எம்.பி.க்களே தொகுதி மக்களைப் பார்க்கப் போன இடத்தில் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்னார். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் கிளறிக்கொண்டே போனில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாய்.

இப்போது அந்த வரி. உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஆனால் நீ யாரிடமும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடைசித் துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் உன் சமையலறை மேசையில் விரித்துவைத்திருந்தாய். மறதி நோய் வந்த வயசானவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற காப்பகம் ஒன்று கவுன்சில் நடத்துகிறது, அதை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. 'பகல் காப்பகத்தைக் காப்பாற்ற எங்களால் ஆன முயற்சி எல்லாம் செய்வோம்' என்று நீ எழுதியிருந்தாய். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். நீ தமிழில் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். "முயற்சி பண்றேன்னு சொல்றவனுக்கு ஒரு மூட்டை சரக்குக்கூட நான் ஏத்த மாட்டேன் பாப்பா. மூட மாட்டோம்னு போடு" என்றேன். "இன்னாப்பா சொல்ற? உள்ள போயி கணக்கப் பாத்தாதானே தெரியும்" என்றாய். "ஜெயிச்சாதானே உள்ள போவ. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். நீ முதலில் எழுதியிருந்ததை இன்னொரு முறை வாசித்தாய். பிறகு அடித்துவிட்டு எழுதினாய். 'பகல் காப்பகத்தை மூட மாட்டோம்.' ஜெயித்தாய். அந்த வரியால்தான் ஜெயித்தோம் என்று உன் கட்சிக்காரர்களே சொன்னார்கள்.

தெருக்கோடி வீட்டு டோரத்தி அம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் கணவருக்கு அந்த நோய், தினமும் காலையில் அந்தக் காப்பகத்துக்குப் போய்ச் சாயங்காலம் வருவார். நாம் போனபோது நமக்கு டீ கொடுத்தார். அந்த மனிதர் நான் யார் என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். டோரத்தி அம்மா அந்த வரியில் விரலை வைத்து, இது நிஜம்தானா என்று உன்னைக் கேட்டார். கடலோர ஊரில் இருக்கிற தங்கை தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள், அங்கே ஒரு காப்பகத்தில் கணவருக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். இங்கிலீஷ் அரைகுறையானவன் ஆட்டிய தலை, அவர் கேட்டது என்ன என்று நீ வெளியே வந்துதான் சொன்னாய். நீ "ஆமாம்" என்றாய். அவர் அந்த இடத்தை விட்டுவிட்டார்.

பிறகு நடந்ததை நீ ஒவ்வொரு மாதமும் போனில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். உள்ளே போய்ப் பார்த்தால் கவுன்சிலின் வருமானம் பெரும்பகுதி, சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைக்கே போய்விடுகிறது. லண்டனிலிருந்து வருவது கம்மி. வீட்டு வரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கவும் சட்டம் விடாது. கைவைக்கக் கூடியது என்று மிச்சம் இருந்தது நூலகம், நீச்சல்குளம், பகல் காப்பகம். கைவைக்காவிட்டால் லண்டனிலிருந்து அதிகாரிகள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடுவார்கள். நீ காப்பகத்தை மூடுகிற தீர்மானத்தைக் கொண்டுவந்தாய். உன் கட்சிக்காரர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த தேர்தல் கிட்டே வருகிறது, புதிதாக வந்த ஒரு கட்சி வேறு ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போகிறது, அதனால் இப்போது அவர்களுக்கு வேறு முகம் வேண்டும். கை தூக்கியது அத்தனை பேரும், கெட்ட பேர் மட்டும் உனக்கு. உன் வீட்டுக்கு வந்து உன் அம்மா வைத்த கறிக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே அந்த நெட்டை மனிதர், உன் துணைத் தலைவர், அவர்தான் முன்னால் நின்று உன்னை இறக்கக் கையெழுத்து வாங்குகிறார் என்றாய். 'இதில் உன்மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை' என்று உனக்கு மெசேஜ் வேறு அனுப்பினாராம். நாற்பது வருஷ வியாபாரத்தில் இந்த வாக்கியத்தை நானும் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மனசுக்குச் சுகமாக இருக்கும்.

இனி என் கதை. நீ சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருஷம். சின்னசேலம் எடைமேடையில் மூட்டை தூக்கத் தொடங்கிய நான் அதற்குள் சொந்த லாரி வைத்து, கல்வராயன் மலையிலும் கீழே நைனார்பாளையம் பக்கத்திலும் மரவள்ளிக்கிழங்கு வாங்கிச் சவ்வரிசி மில்லுக்கு அனுப்புகிற அளவுக்கு வந்திருந்தேன். கிழங்குக்கு விலை எடையில் மட்டும் இல்லை. வண்டியிலிருந்து ஒரு கூடை எடுத்துத் தண்ணீருக்குள் முக்கி நிறுத்தால், மாவு எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டும். அதைப் பாயின்ட் என்போம். அந்தப் பாயின்டில்தான் மில்காரர்களோடு தகராறு வரும். அதற்காகப் பயிர் வைக்கிறவர்களும் எங்களைப் போல வாங்கி அனுப்புகிறவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். மில்காரர்களிடம் பேசுகிற வாய் இவனுக்குத்தான் இருக்கிறது என்று என்னைத் தலைவராக்கினார்கள். மாலை போட்டார்கள். உனக்கு அந்தப் போட்டோவை அனுப்பியிருந்தேன்.

மரவள்ளிக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை அது கெடாது, விலை சரியில்லை என்றால் இரண்டு மாதம் அப்படியே விட்டுவைக்கலாம். பிடுங்கிவிட்டால் மூன்றாம் நாள் உள்ளே நீலம் பாய்ந்துவிடும், ஆடு மாட்டுக்குத்தான் ஆகும். மலை ஜனங்களுக்கு மில்காரனை எதிர்க்க இருந்த ஒரே பலம் பிடுங்காமல் இருப்பதுதான். அது எனக்குத் தெரியும், என்னைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஐப்பசியில் கரியாலூரில் கூட்டம் போட்டோம். சுற்றியிருக்கிற கிராமங்களிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். சடையன் என்று ஒருவன், என் வயசுதான், அவன் கிராமத்தில் அவன் சொன்னால் பத்து வீடு கேட்கும். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவன் எழுந்து, "மாமா, இந்த வருசம் லோடு திரும்பாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நாங்க புடுங்கறோம்" என்றான். பேசிப் பார்க்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். மில் என்னுடையது இல்லை, மழை என்னுடையது இல்லை. ஆனால் அத்தனை முகமும் என்னையே பார்த்தது பாப்பா. அந்த நேரத்தில் முயற்சி என்ற வார்த்தை எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். "ஒரு லாரிகூட மில்லு கேட்டாண்டேருந்து திரும்பாது. நான் இருக்கறேன்" என்றேன். கை தட்டினார்கள்.

மார்கழியில் பருவம் தப்பி மழை கொட்டியது. பாயின்ட் இறங்கிவிட்டது. சவ்வரிசிக்கும் வெளியே விலை இல்லை. மற்ற வருஷமாக இருந்தால் மலையில் ஒருத்தரும் கடப்பாரையைத் தொட்டிருக்க மாட்டார்கள். என் வார்த்தையை நம்பிப் பொங்கல் கழிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பிடுங்கினார்கள். தயங்கின வீட்டுக்கெல்லாம் சடையன் போய், மாமா சொல்லியிருக்கிறார் என்று சொல்லிப் பிடுங்க வைத்தான். லாரிகள் மலை இறங்கி மில் வாசலுக்கு வந்தன. மில்காரர்கள் பத்து நாளைக்குக் கிழங்கு வேண்டாம் என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. லாரிக்குக் கீழே துணியை விரித்து மலை ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் போன் விடாமல் அடித்தது. நான் போனை அணைத்தேன். உடம்பு சரியில்லை, தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கடைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டேன். மரியாதையாக விலகிக்கொண்டேன் என்றுதான் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கழித்துத் தலையை மழித்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மொட்ட போட்டா மூஞ்சி மாறிடுமா?" என்று கேட்டாள். அதற்குள் கிழங்கெல்லாம் ரோட்டோரத்தில் கொட்டியாகிவிட்டது. நீ அந்த வாரம் போன் செய்தபோது, அப்பா வேண்டுதலுக்குப் போயிருக்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். அவள் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது.

என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. எனக்கு வேறு சரக்கு கிடைத்தது, மக்காச்சோளத்தில் இறங்கினேன், வளர்ந்தேன். அடி விழுந்தது சடையன்மேல். அவன் சொல்லித்தானே பிடுங்கினார்கள். அவன் வாசலில் வந்து பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்களாம். அடுத்த வருஷம் அவன் பெண்டாட்டி பிள்ளையோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். நான் மலைக்குப் போவதையே விட்டேன். போன வருஷம் மாசியில் புளி பார்க்கக் கரியாலூர் போக வேண்டி வந்தது. டீக்கடையில் அவன் உட்கார்ந்திருந்தான், திரும்பி வந்துவிட்டானாம். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்று, "வாங்க மொதலாளி" என்றான். மாமா என்று கூப்பிட்ட வாய். அவனே எனக்கு டீ சொன்னான். ஏதேதோ பேசினோம், பேரப்பிள்ளைகள், மழை, ரோடு போட்டது. கடைசியில் நானே ஆரம்பித்தேன். அந்த வருஷம் மில்காரன் என்னை ஏமாற்றிவிட்டான், என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். "அது தெரியுங்க மொதலாளி. கெழங்கு எப்டியும் அழுவித்தான் போயிருக்கும். நீங்க லாரியாண்ட வந்து எங்களோட நின்னிருந்தா போதும். நாங்க மட்டும் நின்னுகினு இருந்தோம்." சொல்லிவிட்டு, "டீ ஆறுது, குடிங்க" என்றான்.

இதை அவன் வாயால் கேட்பதற்கு முன்னாலேயே உன் துண்டறிக்கை அச்சாகிவிட்டது. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். உன் சமையலறையில் உட்கார்ந்து அந்த வரியைப் போடச் சொன்னபோது கச்சிராயபாளையம் ரோடு எனக்கு மறந்துபோயிருக்கவில்லை. நினைவில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன். அப்படிச் சொன்னால் கை தட்டுவார்கள் என்பதும் கூடவே நினைவில் இருந்தது. ஒருமுறை பட்டவன் திருந்திவிடுவான் என்று நீ நம்பாதே. எனக்கு அரசியல் தெரியாது, ஜனங்களுக்கு என்ன சொன்னால் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும், அந்த ஒன்று போதும் என்று நினைத்தேன். உன் நாட்டில் பெரிய படிப்புப் படித்தவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

உன்னை யாராவது தேற்ற வேண்டும், அது நான் இல்லை. எதுவும் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை நீ தோற்பாய். எண்ணிக்கை உன் பக்கம் இல்லை என்று நீயே சொன்னாய். அடுத்து எம்.பி. சீட்டுக்கு உன் பேர் அடிபட்டதே, அதுவும் போச்சு. காப்பகம் மூடிவிடும். உன் நாற்காலிக்கு வருகிறவரும் ஏதாவது ஒன்றை மூட மாட்டேன் என்று சொல்லித்தான் வருவார், மூடுவார். பனியன்காரன் அந்தப் புதுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவான், அவர்கள் வந்தாலும் அவன் தெருக் குப்பை அப்படியேதான் கிடக்கும். உண்மையைச் சொன்னால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஊரில் ஒருவர் எப்படித் தலைவராக இருப்பது என்று என்னை நீ ஒருமுறை கேட்டாய். அன்றைக்கு ஏதோ சாமர்த்தியமாகச் சொன்னேன். எனக்குத் தெரியாது பாப்பா. யாருக்காவது தெரியுமா என்பதும் சந்தேகம். தெரிந்தவர் இருந்தால் அந்த நாட்டுக்காரர்கள் இத்தனை வருஷத்தில் ஒருவரையாவது கண்டுபிடித்திருப்பார்களே.

இதை ஏன் அச்சுக்குக் கொடுக்கிறீர்கள், ஊர் சிரிக்கவா என்று உன் அம்மா கேட்டாள். அந்த வரி என்னுடையது, அதற்கான திட்டு உனக்கு விழுகிறது, அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றேன். உன் ஊரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, இதை யாரும் படிக்கப் போவதில்லை, உன் பேரில் ஏறியது இறங்கப் போவதில்லை. தெரிந்துதான் கொடுக்கிறேன். இங்கே என்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிற நாலு பேராவது தெரிந்துகொள்ளட்டும்.

நான் சொல்வதைக் கேட்டுக் கெட்டது போதும், ஆனாலும் இந்த ஒன்றைக் கேள். ராஜினாமா செய்யாதே. ராஜினாமா செய்தால் அன்று சாயங்காலமே உன் போனை அணைத்துவிடுவாய், எனக்கு அந்தச் சுகம் தெரியும். அவர்கள் இறக்கட்டும், இறங்கு. அதற்கு முன்னால், நாளைக்கு, அந்தத் தெருக்கோடி வீட்டுக்குப் போ. கட்சிக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. பூ, பிஸ்கட் எதுவும் வாங்கிப் போகாதே. லண்டன் அரசாங்கம், சட்டம், வரவு செலவு, இதெல்லாம் டோரத்தி அம்மாவிடம் சொல்லாதே, அவை எல்லாம் உண்மைதான் என்றாலும் சொல்லாதே. கணக்குத் தெரியாமலே மூட மாட்டோம் என்று எழுதினேன், நீங்கள் கேட்டபோது ஆமாம் என்றேன், உங்களுக்குக் கிடைத்த இடம் என்னால் போனது என்று மட்டும் சொல். அவர் கத்தினால் கேட்டுக்கொள். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். உள்ளே விட்டால் அந்த மனிதர் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார், அவருக்குக் கை குலுக்கப் பிடிக்கும். காப்பகம் மூடிய பிறகு பகலில் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள், பதில் இருக்காது, ஆனாலும் கேள். இதனால் உனக்கு ஒரு ஓட்டும் வராது. மனசு லேசாகும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கூப்பிடுவேன். ஓட்டெடுப்பு என்ன ஆச்சு என்று கேட்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போனாயா என்று மட்டும் கேட்பேன். போகவில்லை என்றால் போகவில்லை என்று சொல்லிவிடு. திட்ட மாட்டேன். திட்டுகிற இடத்தில் நான் இல்லை.

உன் அப்பா